கருவிகள் மேல் ஆசை உள்ளவர் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போனால் எதை எடுத்துப் போகலாம்?

கேள்வி கேட்டவர் கூடவே இப்படியும் எழுதியிருக்கிறார்: "எனக்குக் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ்தான் உலகம். நண்பர்கள் கேம்பிங் கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிட்டு வா என்கிறார்கள். அப்படிப் போனால் எனக்கு அங்கே என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. அணைத்து வைக்கவும் வேண்டாம். நான் தேனி மாவட்டம் கம்பம் ஊரில் சோலார் பம்பு, இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவன். எட்டு வருடமாக, மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் நண்பர்களும் அவர்கள் வீட்டாருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளா பக்கம் ஒரு நண்பருடைய ஏலக்காய்த் தோட்டத்தில் இரண்டு ராத்திரி தங்குகிறோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வருடம் ப்ரொஜெக்டர், பெரிய ஸ்பீக்கர், அதற்கெல்லாம் கரண்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் கொண்டுபோனோம். படம் பார்த்தோம், பாட்டுக் கேட்டோம். ஜெனரேட்டர் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, இந்தச் சத்தத்துல ஆனை வந்தாக்கூட உங்க காதுல விழாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜெனரேட்டரை நிறுத்தினேன். அப்போதுதான் காற்றில் சில்வர் ஓக் மரங்கள் அசையும் சத்தம் கேட்டது. அன்று செய்த எல்லாவற்றையும் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்திருக்கலாமே என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். அந்த இடத்தில் இருப்பதால் மட்டுமே வேலை செய்கிற கருவி என்றால் மூட்டையில் ஏற்றுவேன். வீட்டில் இருந்தாலும் அதே வேலையைச் செய்யும் என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பாறை உண்டு. அதில் நின்றால் கம்பம் ஊரே கீழே கிடக்கும். திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்பு, ராத்திரியில் புள்ளி புள்ளியாகத் தெரு விளக்கு. நேர்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அங்கே போனை நம்ப முடியாது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டு டவர், அந்தப் பக்கம் கேரளா டவர், இரண்டுக்கும் நடுவில் தாவித் தாவியே பேட்டரி தீர்ந்துவிடும். பாறையை விட்டு நூறு அடி உள்ளே, ஏலச்செடிக்குள் இறங்கினால் ஒரு கோடு சிக்னல்கூட இருக்காது.

அதனால் சில வருடம் கழித்து இரண்டு லோரா சர்க்யூட் பலகைகள் வாங்கினேன். லோரா என்பது மிகக் குறைந்த சக்தியில், மிக மெதுவாக, ஆனால் வெகுதூரம் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ முறை. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, வரையறுத்த சக்திக்குள் இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றி, புளூடூத் வழியாகப் போனோடு இணைத்தால், டவரே இல்லாமல் எழுத்துச் செய்தி போகும். ஒன்றை எங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டிவிட்டு, மற்றொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன்.

பாறை மேல் நின்று "வந்து சேர்ந்துட்டோம்மா" என்று அனுப்பினேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் போன் ஒரு தரம் அதிர்ந்தது. அம்மாவிடமிருந்து ஒரே வார்த்தை: "சாப்பிட்டாச்சா". கீழே தெரிந்த விளக்குகளில் எது எங்கள் தெரு என்று தேடிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். சிம் கார்டு இல்லை, கம்பெனி இல்லை, நடுவில் யாரும் இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் இடையில் வெறும் காற்றுதான் இருந்தது.

இதில் தமிழுக்கென்று ஒரு சங்கதி உண்டு. ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்டுதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு செலவாகும். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு. "சாப்பிட்டாச்சா" என்பது 14 குறியீடு, ஆக 42 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் தட்டினால் 11 பைட்டில் முடிந்துவிடும். இருந்தும் எங்கள் அம்மா தமிழில்தான் எழுதுவார். இடம் கம்மி என்று சொன்ன பிறகு அவர் செய்திகள் தந்தி மாதிரி ஆகிவிட்டன: "பனி. காதைக் கட்டு." அவற்றை எல்லாம் சேமித்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது வானம். பன்னாட்டு விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வீதம் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். அதிலிருந்து சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள். எஸ்எஸ்டிவி என்று பெயர். அந்த அலைவரிசையைப் பிடிக்கும் ஒரு சின்ன ரேடியோவில் கேட்டால் ஏறி இறங்கும் கீச்சொலி மாதிரி இருக்கும். போனில் ஒரு செயலியைத் திறந்து அந்தச் சத்தத்தைக் காட்டினால் அது மறுபடி படமாகிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து பிடிக்க முயன்றால், சுற்றிலும் மலை மறைப்பதால் நிலையம் நன்றாக மேலே வந்த பிறகுதான் சத்தமே கிடைக்கும். மேலே அந்தப் பாறையில் நின்றால் கிழக்கே அடிவானம் வரை திறந்து கிடக்கிறது.

இதற்கு ஆன்டெனா கடையில் வாங்க வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருப்பாரே, இரும்பு அளவு டேப், அதில் மூன்று துண்டு வெட்டி, பிவிசி பைப்பில் கிளாம்பு போட்டு இறுக்கி, நடுத் துண்டை மட்டும் இரண்டாகப் பிரித்து அங்கிருந்து ரேடியோவுக்குக் கேபிள் இழுத்தால் போதும். நடுத் துண்டு கிட்டத்தட்ட ஒரு மீட்டர், அதாவது அலைநீளத்தில் பாதி. டேப் என்பதால் ஏலச்செடிகளுக்கு நடுவே போகும்போது மடங்கி, வெளியே வந்ததும் டப்பென்று தானே நிமிர்ந்துவிடும். செடிக்கும் சேதமில்லை, ஆன்டெனாவுக்கும் சேதமில்லை.

போன தடவைக்கு முந்தின தடவை, நாங்கள் தங்கிய நாளில் படம் அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நண்பர் மகள்தான் ஆன்டெனாவைப் பிடித்திருந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்குள், தென்மேற்கில் இமைக்காத ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்தது. அவள் அதைக் குறிபார்த்தபடியே மெல்லத் திரும்பினாள். தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும், அங்கேயே தங்கி வேலை பார்க்கும் இரண்டு அக்காமார்களும் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு படம் வந்து முடிய இரண்டு நிமிடம். மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது: முதலில் நீலம், பிறகு ஒரு எழுத்து வரி, பிறகு ஒரு முகத்தின் நெற்றி. நடுவில் ஒரு சில்வர் ஓக் மறைத்த இடத்தில் மட்டும் பட்டையாக இரைச்சல் விழுந்தது. "அந்தா போகுதே, அதுல இருந்தா இது வருது?" என்று ஒரு அக்கா வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆமாம் என்றேன். "நேரா நமக்கா?" என்றார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

பேசவும் வேண்டும் என்றால் அமெச்சூர் ரேடியோ இருக்கிறது. அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் அனுப்புவது குற்றம். எங்களில் போடிக்காரர் ஒருவர் உரிமம் உள்ளவர், விதிமுறைகளை வரிவரியாகப் பார்த்து முறைப்படி செய்கிறவர். அவர் கல்லில் நூல் கட்டி மரக்கிளைக்கு மேலே வீசி, 20 மீட்டர் கம்பியைத் தூக்கிக் கட்டி, 7 மெகாஹெர்ட்ஸில் பெங்களூரோடும் கொழும்போடும் பேசுவார். இடி மின்னல் தெரிந்தால் முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றிவிடுவார். இதில் அவரிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கரண்டு விஷயம் என் தொழில் என்பதால் கொஞ்சம் கணக்கு. ஜெனரேட்டர் வேண்டாம். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று 256 வாட்-அவர் தரும். 5 வாட் விளக்கு இரண்டு எட்டு மணி நேரம் எரிந்தால் 80. ஐந்து போன் ஒருமுறை ஏற்ற 75 முதல் 90. ரேடியோக்களுக்கு இருபது வைத்துக்கொண்டாலும் ஒரு ராத்திரி தாராளமாக ஓடும். பகலில் 50 வாட் பேனல் விரிக்கலாம். ஆனால் மூட்டம் போட்டால் கால்வாசிகூட வராது, அதை நம்பிக் கிளம்பாதீர்கள். விடியற்காலைப் பனி கருவிகளுக்குள் இறங்கிவிடும். ராத்திரி எல்லாவற்றையும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வைப்பது எங்கள் வழக்கம். மழைக்காலமாக இருந்தால் கருவிகளை விட உங்கள் காலைப் பாருங்கள், அட்டை ஏறும். உப்பு கையில் இருக்கட்டும்.

ட்ரோனை எடுத்து வராதீர்கள். ஒரு பக்கம் பெரியாறு, இன்னொரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை, இரண்டும் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

இடம் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இன்றும் அதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூடாரம் போடாதீர்கள். நடக்க ஆசை என்றால் 2024-இல் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது, வழிகாட்டியோடு முன்பதிவு செய்து போகலாம். தங்க ஆசை என்றால் எங்களைப் போலத் தெரிந்தவர் பட்டா நிலத்தில் தங்குங்கள். நாங்கள் விறகைக் கூட்டித் தீ மூட்டுவதில்லை. ஸ்டோர் அடுப்படியிலேயே கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வேகும், காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொள்வோம், சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே ஒரு மணி வரை பேசுவோம்.

அந்தப் படம் வந்த ராத்திரி அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் "நேரா நமக்கா" என்று கேட்ட அக்கா இன்னொன்று கேட்டார். தினமும் காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வருகிற பெண்கள் சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். ஜீப் வழியில் நின்றுவிட்டால் கீழே வீட்டில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல வழி இல்லை. பிள்ளைகள் தெருமுனையில் காத்துக்கொண்டு நிற்கும். "உங்க அம்மாகிட்டப் பேசுற பெட்டி ஒன்ன இங்க வெச்சா, அவளுக சொல்லிக்கலாம்ல தம்பி?" என்றார்.

மறு வாரமே ஏறினேன். ஸ்டோர் கூரையில் ஒரு லோரா பெட்டி, சின்ன பேனலோடு. ஸ்டோருக்கும் ஊருக்கும் நடுவில் மேடு மறைப்பதால் பாறை மேல் இன்னொன்று, செய்தியை வாங்கிக் கைமாற்றிவிட. ஸ்டோரில் இருக்கும் பழைய போனில் அந்த அக்கா தட்டுவார்: "ஜீப் லேட். 7 ஆகும்." எங்கள் வீட்டு மாடியில் அது வந்து இறங்கும். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வருவார்.