பேட்ச் வேறு, லைன் வேறு

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சூப்பர்வைசர் 'பேட்ச்' என்கிறார், 'லைன்' என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லையம்மா. தோல் ஷாப்பில் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன். டிரம்மில் ஒரு லாட் தோலைப் போட்டால் எல்லாமே ஒரே சாயத்தில் சேர்ந்து சுழலும், சேர்ந்துதான் வெளியே வரும். அது பேட்ச். அடுத்த கலருக்கு முன் டிரம்மைக் கழுவ வேண்டும். ஒருமுறை கறுப்புக்குப் பிறகு சரியாகக் கழுவாமல் பழுப்பை ஏற்றிவிட்டேன். லாட் முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறுப்பு! முதலாளி பேசியதை இங்கே எழுத முடியாது.

உங்கள் ஸ்டிச்சிங் லைன் அப்படியல்ல. ஒருவர் ஒரு தையல், அடுத்தவர் அடுத்த தையல். நடுவில் ஒருவருக்கு ஊசி முறிந்தால் அவர் முன்னால் பீஸ் குவியும், அடுத்தவர் கை சும்மா இருக்கும். 1913-ல் ஃபோர்டு கார் கம்பெனி நகரும் லைன் போட்டதும், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்த சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பூட்டும் வேலை சுமார் ஒன்றரை மணி நேரமானது.

இந்த இரண்டிலும் சேராததும் உண்டு. பேப்பரில் உங்கள் காலை வரைந்து, அதற்கென்றே ஒருவர் செருப்பு தைக்கிறாரே, அது ஆர்டர் வேலை. ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் பாய்லர் துணைக்கருவி செய்வதும் கிட்டத்தட்ட அந்த வகைதான், அளவுதான் பெரிது. சிமென்ட் சூளை மாதிரி இரவு பகல் நிற்காமல் ஓடுவது தனி ரகம்.

உங்கள் முன்னால் பீஸ் குவிந்தால் பயப்படாமல் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.