‘புதிதல்ல’ என்று காப்புரிமை மறுத்துவிட்டார்களா?

கேள்வி: ட்ரெஞ்ச் மாஸ்ஃபெட் (சிலிக்கானில் பள்ளம் வெட்டிச் செய்யும் மின் சுவிட்ச்) ஒன்றை வடிவமைத்தேன். சுவிட்சை இயக்கும் முனையான கேட்டுக்குக் கீழே கவச மின்முனை. அதைச் சுற்றியுள்ள ஆக்சைடு என்ற மின்காப்புப் படலம் மூன்று படிகளாகத் தடிக்கும். சென்னைக் காப்புரிமை அலுவலகம் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி, ‘புதிதல்ல’ என்று நிராகரித்துவிட்டது. வாசகத்தை மாற்றிப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் கட்டுரை வாசித்ததும் உறுத்துகிறது.

பதில்: உத்தரவில் ஒன்றை மட்டும் பாருங்கள். உங்கள் முதல் கிளைமில் (நீங்கள் உரிமை கோரும் வாசகத்தில்) உள்ள எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் இருக்கின்றனவா? கவசம் ஒன்றில், படிப்படியான ஆக்சைடு இன்னொன்றில் என்றால் ‘புதிதல்ல’ என்பது நிற்காது. இரண்டையும் கோத்துப் பார்ப்பது, ‘துறை தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா’ என்ற வேறு கேள்விக்கு. உண்மையான சண்டை அங்கேதான், ஏனென்றால் கவச மின்முனை பழைய சங்கதி. மூன்று படியால் என்ன லாபம் என்பது, கண்டுபிடிப்பை விளக்கி நீங்கள் தாக்கல் செய்த விவரக்குறிப்பிலேயே இருக்க வேண்டும். இப்போது புதிதாகச் சேர்க்கக் காப்புரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு விடாது.

கன்சல்டன்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். முதல் விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும். அப்புறம் உங்கள் இரண்டாவது விண்ணப்பத்தைக் கொல்ல அதுவே போதும். அவருக்கு இன்னொரு ஃபீஸ். உங்களுக்கோ மேல்முறையீட்டுக்கான 3 மாதம் கரைந்திருக்கும். அவர் பதிவு பெற்ற காப்புரிமை ஏஜென்ட்தானா என்று காப்புரிமை அலுவலகப் பட்டியலில் பாருங்கள். ‘காப்புரிமைக்கு கேரண்டி’ என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏஜென்டே ஆனாலும் காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கண்ட்ரோலர் முன்புதான் வாதாடலாம். உயர் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் வேண்டும்.

கட்டுரை விஷயத்துக்கு 31-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் கண்டுபிடித்தவரே அறிஞர் சங்கத்தின் முன் வாசித்திருக்க வேண்டும், அல்லது அவர் சம்மதத்தோடு அந்தச் சங்க வெளியீட்டில் வந்திருக்க வேண்டும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். கல்லூரி விழாவில் ஒட்டிய போஸ்டரும் நிறுவனத்தின் விளம்பரக் கூட்டமும் இதில் சேரா. மாநாட்டை நடத்தியது யார், எந்தத் தேதி என்று அழைப்பிதழைத் தேடி எடுத்து வையுங்கள். விலக்கு கிடைத்தாலும் இந்தியாவுக்கு மட்டும்தான். ஐரோப்பாவில் அந்தக் கட்டுரையே உங்களுக்கு எதிரி.

இனி மேல்முறையீடு. முன்பு இதற்கென்றே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மேல்முறையீட்டு வாரியம் இருந்தது. தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தே காலம் ஓடியது; 2021-இல் அதையும் மூடினார்கள். இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். காரணம் சொல்லாத உத்தரவு என்றால் பெரும்பாலும் ரத்து செய்து, மறுபரிசீலனைக்கு அதே அலுவலகத்துக்கே அனுப்புவார்கள். வேறு கண்ட்ரோலர் பார்க்கட்டும் என்று கேளுங்கள்.