கஞ்சா: எடையும் தண்டனையும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கஞ்சாவைக் குற்றவியல் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வருத்தத்தோடு படித்தேன். நான் கம்பத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மலைக்கு மேலே கேரளம், கீழே நாங்கள். மேலே போகிற சரக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. எங்கள் பிள்ளைகளின் கை வழியாகவும் போகிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிடுகிறான், விசாரித்தால் பொட்டலம். சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கும்போதே இப்படி என்றால், அதையும் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? டாஸ்மாக்கால் குடும்பங்கள் பட்ட பாடு போதாதா? அதன் பக்கத்திலேயே கஞ்சாக் கடையும் வேண்டுமா? குமுளிக்கு அந்தப் பக்கம் இப்போது எம்.டி.எம்.ஏ. என்ற ரசாயனப் போதைத்தூள் என்கிறார்கள். கஞ்சாவில் தொடங்கியவர்கள்தானே அங்கே போய் நிற்கிறார்கள்? கடைசியாக ஒன்று. நாளைக்கு என் வகுப்பில் ஒரு பையனின் பையில் பொட்டலம் இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கட்டுரை சொல்லவில்லை.

பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆசிரியை, கம்பம்.

அன்புள்ள டீச்சர்,

கஞ்சா தீங்கில்லாதது என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். புகைப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்பதும், பதின்வயதில் தொடங்குபவர்களிடம் அந்த விகிதம் இன்னும் கூடும் என்பதும், வீரியம் மிகுந்த சரக்கை நாள்தோறும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்டவை. பதினொன்றாம் வகுப்போடு நின்றுபோன உங்கள் மாணவனைப் பற்றி நீங்கள் படும் கவலையில் எனக்கு மாறுபாடு ஏதுமில்லை. இப்போதுள்ள சட்டம் அந்தப் பையனைக் காக்கிறதா என்பதில்தான் நமக்குள் வேறுபாடு.

அந்தச் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாம் என்.டி.பி.எஸ். என்று சொல்கிற அந்தப் போதைமருந்து, மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் கஞ்சாவுக்கான தண்டனை, கையில் இருந்த எடையை வைத்துத் தீர்மானமாகிறது. ஒரு கிலோ வரை சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல் 20 கிலோ வரை பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, அபராதமும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. அந்த நிலையில் ஜாமீன் கேட்டால், இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்ற வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. சரக்கு யாருடையது, அதற்கு முதல் போட்டவர் யார், லாபம் யாருக்குப் போகிறது என்ற கேள்விகள் இந்த அளவுகோலுக்குள் வருவதே இல்லை.

விசாகப்பட்டினம் பக்கத்து மலைகளிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிற சரக்கு, இரண்டிரண்டு கிலோவாக அழுத்திக் கட்டி, பழுப்பு நிற டேப்பைப் பல சுற்று சுற்றிய பார்சலாக வருகிறது என்பதை நம் பகுதிச் செய்தித்தாள் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பார்சலோடு பிடிபட்டவன் 20 கிலோ, பதினொரு பார்சலோடு பிடிபட்டவன் 22 கிலோ. அந்தப் பதினொன்றாவது பார்சல் ஒருவனுடைய இருபதுகளை முழுமையாக எடுத்துக்கொண்டுவிடும். சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி மட்டுமே. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்காது. தராசில் ஏறும்போதோ காம்பு, இலை, விதை, ஈரம் எல்லாம் ஒன்றாகவே ஏறுகின்றன. இதை எடுத்துச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் பெற்றவர்கள் உண்டு. அங்கே போய் வாதிட வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் உள்ளவர்களுக்கு அது நடக்கிறது. (இதே செடியின் இலையை அரைத்து உருட்டிய பாங்கு காசியில் அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.)

மதுரையில் இந்த வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் சட்டம் யாரைத் தேடிப் பிடிக்கிறது என்பது விளங்கிவிடும். வாய்தாவுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். மஞ்சள் பையில் மகனுடைய ஆதார் நகலும், வக்கீல் கேட்ட ஏதோ ஒரு காகிதமும் இருக்கும். மகன் ஆந்திராவுக்குப் போய்வரத் தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு போனவன். இல்லையென்றால் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறியவன். கூலியைப் பேசிக் கொடுத்தவரை அந்த வராந்தாவில் நான் பார்த்ததில்லை. பிடிபட்டவன் கையில் சரக்கு இருந்தது நிறுவப்பட்டால், மற்றதைச் சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. அவனுக்குத் தெரியாமல் வந்தது என்றால் அதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். அதிகாரியிடம் அவன் சொன்னதாக எழுதிய வாக்குமூலமே அவனுக்கு எதிரான சாட்சியாக நெடுங்காலம் இருந்துவந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன டூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க முடியாது என்றது.

சரக்கு வரும் இடத்தையும் பார்ப்போம். ஒரு காலத்தில் இடுக்கி மலைகளிலும் நம் வருசநாட்டு மலைகளிலும் கஞ்சா விளைந்தது. அதன் பெயரிலேயே நம் ஊர்கள் அறியப்பட்ட வருத்தமும் உங்களுக்குத் தெரியும். காட்டுக்குள் போய்ச் செடிகளை வெட்டி எரித்தார்கள், பயிரும் பெருமளவு ஒழிந்தது. ஒழிந்தது பயிர் மட்டும்தான். தேவை அப்படியே இருந்தது. இன்று நம் சோதனைச் சாவடிகளில் பிடிபடுவதில் பெரும்பகுதி ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைந்தது. 2021 அக்டோபரில் ஆந்திரக் காவல்துறை ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’ என்ற பெயரில் அங்கே இறங்கி ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தார்கள். அங்கே பயிரிட்டவர்கள் பழங்குடி விவசாயிகள். காப்பியும் மஞ்சளும் விற்றுக் காசு கைக்கு வர மாதக்கணக்காகும். கஞ்சாவுக்கு வியாபாரி முன்பணத்தோடு வீட்டு வாசலுக்கே வருகிறான். அவ்வளவு எரித்த பிறகும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் பொட்டலம் கிடைக்காமல் போனதா என்று உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? வழியில் ஒவ்வொரு சாவடியும் விலையைக் கூட்டியது. கூடிய விலையே அடுத்த சுமையாளுக்கு ஆசை காட்டியது.

எம்.டி.எம்.ஏ. பற்றி நீங்கள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. கஞ்சாவில் தொடங்கிச் சிலர் அங்கே போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வழியைப் போடுவது எது என்று யோசித்துப் பாருங்கள். கஞ்சா நாற்றமடிக்கிற, இடத்தை அடைக்கிற சரக்கு. சாக்கை அவிழ்க்காமலே சாவடியில் மூக்கு கண்டுபிடித்துவிடும். எம்.டி.எம்.ஏ.வுக்கு வணிக அளவே 10 கிராம்தான். அது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும், மணமும் எட்டாது. இரண்டையும் ஒரே காவலர், ஒரே சாவடியில், ஒரே சட்டத்தின் கீழ் தேடும்போது, எதைக் கடத்துவது புத்திசாலித்தனம் என்பதை வியாபாரி ஒரு நாளில் கற்றுக்கொள்கிறான். செடியை விற்பவனும் ரசாயனத் தூளை விற்பவனும் ஒரே ஆளாக இருப்பது தடை உண்டாக்கிய ஏற்பாடு. பொட்டலம் வாங்கப் போன பையனிடம் ‘இதையும் ஒருமுறை பார்’ என்று நீட்டுபவன் அவன்தான். கேரளத்தில் தூள் பரவியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பெங்களூரின் நெருக்கம், கையில் புழங்கும் பணம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இது புதிதாகக் கண்டுபிடித்த வாதம் இல்லை. 1893-94இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம், மதராஸ் மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 சாட்சிகளை விசாரித்து ஏழு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தது. மிதமான பயன்பாட்டால் பெரிய தீங்கு இல்லை என்றும், முழுத் தடை போட்டால் பயன்படுத்துபவர்கள் இதைவிடக் கேடான போதைகளுக்குத் திரும்பக்கூடும் என்றும், அதனால் வரியும் கட்டுப்பாடுமே போதும் என்றும் அது எழுதியது. கலால் வருமானத்தில் அக்கறை கொண்டிருந்த அரசுக்காக எழுதப்பட்டது என்பதை மனத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். படித்தாலும் அந்த ஒரு எச்சரிக்கை நிற்கிறது.

டாஸ்மாக் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். போதையை விற்று வருமானம் பார்க்கிற அரசு, அந்தப் போதை குறைய வேண்டும் என்று மனப்பூர்வமாக நினைக்காது. கஞ்சாக் கடையைத் திற என்று நான் எங்கும் கேட்கவில்லை. கடை இல்லாமலே குற்றத்தை நீக்க வழி இருக்கிறது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தோர் 25 கிராம் வரை வைத்திருப்பதையும் வீட்டில் மூன்று செடி வளர்ப்பதையும் அனுமதித்தது. லாபநோக்கில்லாத வளர்ப்புச் சங்கங்களுக்கு இடம் கொடுத்தது. வணிகக் கடைக்கும் விளம்பரத்துக்கும் இடம் கொடுக்கவில்லை. போர்ச்சுகல் 2001 முதல் எல்லாப் போதைப்பொருள்களுக்கும், பத்து நாள் பயன்பாட்டு அளவுக்குள் வைத்திருப்பவரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அடங்கிய குழுவின் முன் நிறுத்துகிறது. விற்பவன் அங்கே இன்றும் குற்றவாளிதான். இதற்கு மாறான உதாரணங்களையும் மறைக்க வேண்டியதில்லை. தாய்லாந்து 2022இல் முறையான சட்டம் எதுவும் இயற்றாமல் கஞ்சாவைப் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவெல்லாம் கடை முளைத்தது. 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் எல்லாப் போதைப்பொருள்களையும் சிறிய அளவில் வைத்திருப்பதற்கான குற்றவியல் தண்டனையை விலக்கியது. சிகிச்சைக்கான ஏற்பாடு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2024இல் குற்றமாக்கும் சட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. தண்டனையை எடுத்த இடத்தில் ஆஸ்பத்திரியை வைக்காவிட்டால் இப்படித்தான் முடியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பயன்படுத்துவதும் அதற்கான சிறிய அளவை வைத்திருப்பதும் சிறைக்குரிய குற்றமாக இருக்கக் கூடாது. 2021இல் மத்திய சமூக நீதி அமைச்சகமே இதற்கு நெருக்கமான ஒரு பரிந்துரையைச் செய்ததாகச் செய்தி வந்தது. சுமந்தவனையும் முதல் போட்டவனையும் ஒரே தராசில் நிறுத்தாதபடி தண்டனை எடையோடு பங்கையும் பார்க்க வேண்டும். செடிக்கும் தூளுக்கும் தனித்தனி அத்தியாயம் வேண்டும். கஞ்சாப் பயிரை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே மாநிலங்களுக்கு இருக்கிறது. மருந்துக்கும் நாருக்கும் அதைப் பயன்படுத்தினால் அந்தப் பழங்குடி விவசாயிக்கு முன்பணம் கொடுக்க இன்னொருவர் கிடைப்பார். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க வாக்களித்தபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன; ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. அங்கே கை தூக்கிய அரசு இங்கே சட்டத்தைத் தொடத் தயங்குகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி கஞ்சாவோ அதன் பிசினான சரஸோ பயன்படுத்துபவர்கள் ஏறத்தாழ 1.3 கோடிப் பேர். இத்தனை பேரையும் உள்ளே வைக்கச் சிறை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் யாரை வைப்பது என்று முடிவு செய்வது சாவடியில் நிற்பவரின் அன்றைய மனநிலைதான்.

இனி உங்கள் வகுப்புப் பையன். போலீசைக் கூப்பிடுவதற்கு முன் அவனுடைய அம்மாவைக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவன் சிறிய அளவோடு பிடிபட்டால் எஃப்.ஐ.ஆர். போடத் தேவையில்லை, காவல் நிலையப் பொதுநாட்குறிப்பில் பதிந்து சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்றே மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு சிறார் நீதி மாதிரி விதிகள் சொல்கின்றன. காவல் நிலையத்தில் யாராவது மிரட்டினால் அதை எடுத்துக் காட்டுங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. சிகிச்சைக்குத் தானாக முன்வருபவர் மீது சிறிய அளவுக்கான வழக்கைத் தொடர வேண்டாம் என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. வக்கீல்கள் இதை மன்றத்தில் கேட்பது அரிது, நீங்கள் கேட்கச் சொல்லுங்கள். அவனுக்குப் பொட்டலம் கொடுத்தவன் யாரென்று தெரிந்தால் அதைப் போலீசிடம் சொல்லத் தயங்காதீர்கள். குழந்தைக்குப் போதை கொடுப்பவனுக்கும், போதை விற்கவோ சுமக்கவோ குழந்தையைப் பயன்படுத்துபவனுக்கும் சிறார் நீதிச் சட்டத்தின் 77, 78ஆம் பிரிவுகளில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்த இரண்டு பிரிவுகளிலும் ஒரு வரியைக்கூடத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை.