எழுத்தில் வராத பேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2017-ல் அமெரிக்காவின் குடியரசுக் கட்சி, ஒபாமா 2010-ல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை நீக்க முயன்றதைப் பற்றிய உங்கள் கட்டுரையை இப்போதுதான் படித்தேன். மசோதாவை ஒளித்துவைத்து நிறைவேற்றப் பார்த்தார்கள் என்று கடுமையாக எழுதியிருக்கிறீர்கள். 2010-ல் மட்டும் என்ன நடந்தது? பேச்சுவார்த்தை எல்லாம் நாடாளுமன்றத்தை நேரடியாகக் காட்டும் சி-ஸ்பான் தொலைக்காட்சியில் வரும் என்று ஒபாமா வாக்குக் கொடுத்தார். வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் மசோதாவை நிறைவேற்ற வேண்டும் என்றார் அப்போதைய கீழவைத் தலைவர் நான்சி பெலோசி. இரண்டாயிரம் பக்கத்தை யார் படித்தார்கள்?

ஆனால் 2014 கடைசியில் என் வேலை போனபோது, புற்றுநோய் சிகிச்சையில் இருந்த என் மனைவிக்கு அரசு மானியத்தோடு காப்பீடு கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான். எங்களோடு இருக்கும் மாமியார் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருக்கிறார். சர்க்கரைக்கு ஜனுவியா சாப்பிடுகிறார். நல்லது நடந்த பிறகு வழியைப் பற்றிக் கேட்கலாமா என்று குழப்பமாக இருக்கிறது.

எஸ்.,
நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கட்டுரையில் 2010-ஐப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதாதது தவறு.

இருந்தாலும் இரண்டும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியாது. பெலோசியின் வாக்கியத்தின் வாலை எப்போதும் வெட்டிவிடுகிறார்கள். சர்ச்சையின் மூட்டம் விலகிய பிறகு தெரியும் என்று முடித்தார் அவர். செனட் மசோதாவின் 2,074 பக்கங்களும் 2009 நவம்பரிலேயே வெளியாகிவிட்டன. செனட் 25 நாள் தொடர்ந்து கூடி விவாதித்தது. 2017 மார்ச் 2-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். செனட்டர் ரேண்ட் பால், குடியரசுக் கட்சியின் சொந்த ஆள், நகலெடுக்கும் இயந்திரத்தோடு போய், மசோதா இருப்பதாகச் சொல்லப்பட்ட அறையின் வாசலில் நின்று ஒரு பிரதி கேட்டார். கொடுக்கவில்லை. மே 4-ம் தேதி கீழவை 217-213 என்று நிறைவேற்றியது. எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்ற நாடாளுமன்றத்தின் (அங்கே அதன் பெயர் காங்கிரஸ்) பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு, அதற்கு 20 நாள் கழித்து வந்தது: 2026-க்குள் 2 கோடியே 30 லட்சம் பேர்.

சரி, இனி 2009. அப்போது நடந்த இரண்டு பேரங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நெப்ராஸ்கா. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவைப்பட்ட 60-வது வாக்கு நெப்ராஸ்கா செனட்டர் பென் நெல்சனுடையது. அவருடைய மாநிலத்துக்கு மட்டும், ஏழைகளுக்கான காப்பீடான மெடிகெய்ட்டின் விரிவாக்கச் செலவு முழுவதையும் மத்திய அரசே காலம் முழுக்க ஏற்கும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 383 பக்கத் திருத்தம் டிசம்பர் 19, சனிக்கிழமை வெளியானது. திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு முதல் வாக்கெடுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை ஏழு மணிக்கு 60-39 என்று நிறைவேறியது. அசிங்கமான வேலை. ஆனால் அந்தப் பிரிவு அச்சில் இருந்தது. நாடே பார்த்தது, கொதித்தது. நெப்ராஸ்காவின் ஆளுநரே எங்களுக்குத் தனிச்சலுகை வேண்டாம் என்றார். 2010 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது பேரம் எந்தப் பக்கத்திலும் இல்லை. 2009 கோடையில் வெள்ளை மாளிகையும் செனட் நிதிக்குழுத் தலைவரும் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்தோடு பேசி முடித்தார்கள். கம்பெனிகள் பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுக்கும். பதிலுக்கு, மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேசலாம் என்ற பிரிவை அரசு ஆதரிக்காது. சங்கத்தின் சார்பில் பேசியவர் பில்லி டாசின். இந்த மனிதரை நான் மறக்கவே மாட்டேன். மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்த்த 2003 சட்டத்தில்தான் மெடிகேர் விலை பேசக்கூடாது என்ற தடை வந்தது; அந்தச் சட்டத்தை உருவாக்கிய கீழவைக் குழு ஒன்றின் தலைவர் அவர்தான். அதன் மீதான கீழவை வாக்கெடுப்பு விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கியது. 15 நிமிடத்தில் முடிய வேண்டியதை, தோற்றுவிடுமோ என்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்தார்கள். சட்டத்தின் செலவு 39,500 கோடி டாலர் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 50,000 கோடியைத் தாண்டும் என்று அரசின் தலைமைக் கணக்கியலர் ரிச்சர்ட் ஃபாஸ்டர் போட்ட கணக்கு மறைக்கப்பட்டது. அதைக் காங்கிரஸுக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று தன்னை மிரட்டியதாக அவரே பிறகு சாட்சியம் சொன்னார். 2005-ல் டாசின் மருந்துக் கம்பெனிகள் சங்கத்தின் தலைவராகப் போய் உட்கார்ந்தார். 2008 பிரச்சாரத்தில் ஒபாமா இவர் கதையைச் சொல்லியே விளம்பரம் செய்தார். அடுத்த வருடமே இவரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசியதுதான் என்னை வருத்துகிறது. சி-ஸ்பான் வாக்குறுதி வெறும் மேடைப்பேச்சு என்று கடந்துபோக என்னால் முடியாதது இதனால்தான். அந்த அறையில் ஒரு கேமரா இருந்திருந்தால் இந்தப் பேரம் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

நெப்ராஸ்கா பிரிவு மூன்று மாதத்தில் போனது. மருந்து விலைத் தடை 2022 வரை நின்றது. அந்த ஆண்டுச் சட்டப்படி பேசி முடிவான முதல் பத்து மருந்துகளில் உங்கள் மாமியாரின் ஜனுவியாவும் ஒன்று. ஒரு மாத மாத்திரைக்கு 2023-ல் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது. மெடிகேர் பேசிய விலை 113. அது நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில்.

நல்லது நடந்த பிறகு ஏன் கேட்க வேண்டும் என்கிறீர்கள். உங்கள் மனைவியின் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "மாநிலம் நிறுவிய" காப்பீட்டுச் சந்தையில் வாங்குவோருக்கு மானியம் என்று சட்டத்தில் ஓரிடத்தில் எழுதிவிட்டார்கள். நியூ ஜெர்சி அப்போது சொந்தச் சந்தை வைத்திருக்கவில்லை, மத்திய அரசின் சந்தையையே பயன்படுத்தியது. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூன் 25-ம் தேதி 6-3 என்று மானியம் பிழைத்தது. சட்டத்தின் முக்கியப் பகுதிகள் மூடிய கதவுக்குப் பின்னால் எழுதப்பட்டதையும், வரைவு பல இடங்களில் செப்பமில்லாமல் இருப்பதையும் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருந்தால் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே உங்கள் வீட்டுக்கு முழு பிரீமியத்துக்கும் பில் வந்திருக்கும்.

மனைவி இப்போது நலம்தானே? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.