கீறல் விழும் காரும் கடற்கரை மணலும்: வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து காரின் பெயின்ட் குறித்துப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றுக்கு இவ்விதழில் சேர்த்தே பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் கறுப்பு நிறக் கார் வாங்கினேன். நிழலில் பார்த்தால் புதிதாகவே தெரிகிறது. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுவதும் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன. ஓட்டுநர் தினமும் காலையில் துணியால் தூசி துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார். விற்பனை நிலையத்தில் கேட்டால், எல்லாக் கார்களும் இப்படித்தான் என்கிறார்கள். என் பழைய காரில் இப்படி எதுவும் தெரிந்ததில்லை. இக்காலப் பெயின்டின் தரம் குறைந்துவிட்டதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: விற்பனை நிலையத்தார் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது; தினமும் காலையில் துணியால் தூசி துடைப்பதுதான் அது.

தகட்டின் மேல் இருக்கும் பெயின்ட் ஒரே பூச்சு அன்று. துருவைத் தடுக்க மின்முறையில் படியவைக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் பெரும்பாலான கார்களில் உண்டு. நான்கையும் சேர்த்தால் 100 முதல் 140 மைக்ரான் தடிமன் வரும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு மெல்லிய படலத்தின் மேல் கை வைக்கிறோம் என்பது விளங்கும். நீங்கள் காணும் வட்டக் கோடுகள் எல்லாம் இந்தக் கிளியர் கோட்டின் மேற்பரப்பில் விழுந்தவை.

அவற்றை இழுத்தது துணி அன்று, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே சிக்கிய மணல். கீழக்கரையில் ஓர் இரவு வெளியே நின்ற காரின் மேல் படிந்திருப்பதை வெறும் தூசி என்று சொல்லிவிட முடியாது. கடற்கரை மணலில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சன்னல் கண்ணாடியே அதைவிடக் குறைவு, கிளியர் கோட்டோ கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையானது. இரவில் கடற்காற்றின் ஈரம் அந்தத் துகள்களைப் பெயின்டோடு ஒட்டவைத்துவிடுகிறது. காலையில் உலர்ந்த துணியால் வட்டமாகத் தேய்க்கும்போது ஒவ்வொரு துகளும் ஒரு கோடு போடுகிறது. வெயிலில் அவை வட்டமாகத் தெரிவதற்குக் கையின் சுழற்சி மட்டும் காரணம் இல்லை. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் கோடுகளில், ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்புபவை மட்டுமே ஒளியின் பிரதிபலிப்பைச் சுற்றி வளையமாகப் புலப்படும். தூசி படிந்த காரில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுகிறார்களே, அதிலும் இதுவேதான் நடக்கிறது. காரைக் கழுவிய பின்னும் அந்தப் பெயர் மெலிதாகத் தெரிவதைப் பலர் கவனித்திருப்பார்கள்.

பெயின்டின் தரம் பற்றிய ஐயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கிளியர் கோட்டின் கடினம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. அதை மேம்படுத்தும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. மெர்சிடிஸ் பென்ஸ் 2003ஆம் ஆண்டின் இறுதியில் நுண்ணிய பீங்கான் துகள்கள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. நிஸான் 2005இல், மெல்லிய கீறல் தானாகவே மறையும் வகைப் பூச்சை அறிமுகம் செய்தது. ஆனால் நம் ஊரில் அதிகம் விற்கும் கார்களில் இவற்றை எதிர்பார்க்க இயலாது. உங்கள் பழைய காரில், அக்காலக் கார்கள் பலவற்றைப் போல, கிளியர் கோட் இல்லாத ஒரே நிறப் பூச்சு இருந்திருக்கக்கூடும். அதிலும் கீறல் விழுந்திருக்கும், வெளிர் நிறமாயின் கண்ணுக்குத் தெரிந்திராது. கறுப்பு மன்னிக்காத நிறம். எங்கள் கடற்கரைக்காரர்கள் என்னிடம் கேட்டால் வெள்ளையோ வெள்ளி நிறமோ வாங்கச் சொல்வேன். வாங்கிய பின் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும்.

இனிச் செய்ய வேண்டியது: தினமும் துடைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். கண்ணாடிகளையும் விளக்குகளையும் மட்டும் நீர் தெளித்துத் துடைத்தால் போதும். துடைக்காத காரைத் தெருவில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். வாரம் ஒரு முறை, நிழலில், பானெட் ஆறிய பிறகு கழுவுங்கள். முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறைய நீர் ஊற்றி, கை படாமலே மணல் முழுவதும் இறங்கிப் போகுமாறு செய்வதுதான் இதில் முக்கியமான வேலை. அதற்குப் பின் செய்பவை எல்லாம் இரண்டாம்பட்சம். ஒரு வாளியில் கார் ஷாம்பூ கலந்த நீர், இன்னொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பகுதியைத் துடைத்ததும் வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஷாம்பூ வாளியில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வந்து, சக்கரத்தை ஒட்டிய பகுதியையும் பம்பரின் அடியையும் கடைசியில் வேறு துணியால் துடையுங்கள். தரையில் விழுந்த துணியை அப்படியே எடுத்து மீண்டும் காரில் வைக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, துணி சோப்புத்தூள் இரண்டும் வேண்டாம். அவை மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும்.

ஏற்கெனவே விழுந்த கோடுகளைப் பாலிஷ் போட்டு நீக்கலாம். நான் அவசரப்பட மாட்டேன். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது அன்று. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பது. கனமான காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டு இயந்திரத்தால் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான்கள் போய்விடும், அவை திரும்ப வாரா. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. அது அளவுக்கு மேல் மெலிந்தால், சில ஆண்டுகளில் கூரையும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் 'ரப்பிங் பாலிஷ்' என்று பில்லில் ஒரு வரி சேர்ப்பார்கள். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கழுவும் முறையைத் திருத்திய பிறகு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, பெயின்டின் தடிமனை மீட்டரால் அளந்து பார்த்துவிட்டு வேலை தொடங்கும் ஒருவரிடம் கொடுத்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஊருக்குள் வரும் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேல மரங்கள். எதிரே பேருந்து வந்தால் ஒதுங்காமல் இருக்க முடியாது. முள் கதவு நெடுகக் கோடு இழுத்துவிடுகிறது. '9எச்' செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்கிறார்களே?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: விழும். 9எச் என்பது பென்சிலின் கடினத்தைக் குறிக்கும் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை ஒரு பூச்சின் மேல் அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் வரை அது கீறல் படாமல் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது. விளம்பரத்தில் அந்த ஒன்பதைப் பார்ப்பவர்கள், வைரத்துக்கு 10 என்று வைத்திருக்கும் மோஸ் அளவுகோல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலும், செராமிக் பூச்சின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்களைத் தாண்டுவது அரிது. அந்தப் பூச்சு போட்டால் நீர் வழுக்கி ஓடும், அழுக்கு எளிதில் கழுவிப் போகும், பளபளப்பு நிற்கும். கழுவும்போது ஏற்படும் உராய்வும் குறையும். இவை நல்ல பயன்களே. கருவேல முள்ளுக்கும் மணலுக்கும் அது தடையாகாது.

முள்ளைத் தடுக்கக்கூடியது பிபிஎஃப் எனப்படும் ஒளி ஊடுருவும் பாலியுரேத்தேன் படலம். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ளது, அதாவது காரின் மொத்தப் பெயின்டையும்விடத் தடித்தது. நல்ல வகைகளில் மேலோட்டமான கீறல்கள் வெயில் சூட்டில் தாமே மறையும். விலைதான் செராமிக்கைப் போலப் பல மடங்கு. கார் முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. உங்கள் நிலையில், முள் உரசும் இடப்பக்கக் கதவுகளுக்கும் மட்கார்டுக்கும் பக்கக் கண்ணாடியின் உறைக்கும் ஒட்டினால் செலவு தாங்கும்.

இப்போது இருக்கும் கோடுகளை நீங்களே சோதிக்கலாம். கோட்டின் மேல் நீர் தெளித்தால் அது மறைகிறதா, நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தடுக்காமல் போகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் கீறல் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. கையால் தேய்க்கும் மெல்லிய பாலிஷில் பெருமளவு போய்விடும். நகம் தடுத்தால் பாலிஷ் உதவாது. கிளைகளை வெட்டிவிடுமாறு ஊராட்சிக்கு ஒரு மனு கொடுப்பது எந்தக் கோட்டிங்கையும்விட மலிவு.

கேள்வி: பல் துலக்கும் பேஸ்ட், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் கீறல் மறையும் என்கிறார்களே?
– வாசகர், தொண்டி

பதில்: பேஸ்ட்டில் மெல்லிய தேய்ப்புப் பொருள் இருப்பதால் மிகச் சிறிய கோடு மங்கலாம், ஆனால் அதற்கென்றே பாலிஷ் கிடைக்கும்போது இது எதற்கு? எண்ணெய் கீறலுக்குள் தங்கி, அடுத்த கழுவல் வரை மறைக்கும், அதற்குள் மணலையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் கார் ஓட்டுகிறேன். வீட்டில் கூரை இல்லை. இரவில் கவர் போட்டு மூடுகிறேன். கவர் போடத் தொடங்கிய பிறகுதான் ஓரங்களில் பெயின்ட் மங்கியது போலத் தோன்றுகிறது.
– வாசகர், இராமேசுவரம்

பதில்: உங்கள் கணிப்பு சரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கவர் இரவு முழுவதும் படபடத்துக்கொண்டே இருக்கும். அதன் உட்புறத்தில் மணல் இருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. கழுவி உலர்ந்த காரின் மேல், அலசி உலர்ந்த கவரை, அடியில் இறுகக் கட்ட முடிந்தால் மட்டும் போடுங்கள். தினமும் ஓடும் காருக்கு இது நடைமுறையில் முடியாத காரியம். கவரை விட்டுவிட்டு, தகரமோ தென்னங்கீற்றோ வேய்ந்த ஒரு பந்தல் போட்டுக்கொள்வது நல்லது.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு அங்கு தினமும் போய் வருகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். காற்று சாலையின் மேல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும் நாட்களில் வேகத்தைக் குறைப்பதும், முன்னால் செல்லும் வண்டியிலிருந்து விலகி ஓட்டுவதும் பம்பரையும் முன்கண்ணாடியையும் காக்கும். திரும்பி வந்ததும் வாட்டர் சர்வீஸில் அடிப்பகுதிக்கு நீர் அடிக்கச் சொல்லுங்கள். நுரை தடவும் துணியை மட்டும் நீங்களே கொண்டுபோங்கள்; அங்கிருக்கும் துணி உங்களுக்கு முன் எத்தனை கார்களின் சக்கரத்தைத் துடைத்ததோ.

கேள்வி: வீட்டு வாசலில் நின்ற காரை யாரோ சாவியால் கீறியிருக்கிறார்கள். பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குத் தகடு தெரிகிறது. கதவு முழுவதும் அடிக்க வேண்டும் என்கிறது பட்டறை. மழைக்காலம் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: காத்திருக்காதீர்கள். கீறல்களில் இந்த ஒரு வகைக்கு மட்டுமே நான் அவசரப்படுவேன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களின் கடலோர அரிப்பைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் உங்கள் மண்டபம் முகாம். பக்கத்தில் 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பாலிசைலாக்சேன் என்ற தனிவகைப் பூச்சைப் பயன்படுத்தியதும் இந்தக் காற்றை மனத்தில் வைத்துத்தான். ஏறக்குறைய 75 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருக்கும் காற்றில் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்து நிற்கும். அதனால் மழை பெய்யாத நாளிலும் உங்கள் கதவின் தகடு உப்பு நீரில் நனைந்தே இருக்கிறது. துரு கீறலோடு நில்லாமல், இருபுறமும் பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து கொப்புளமாகக் கிளம்பும்.

இன்றே நல்ல நீரால் கழுவி, உலர்த்தி, கீறலின் மேல் தெளிவான டேப் ஒன்றை ஒட்டி வையுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள பட்டயத்தில் பெயின்டின் குறியீட்டு எண் இருக்கும். அதைக் காட்டி டச் அப் பெயின்ட் வாங்குங்கள். துரு பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் கீறலுக்குள் மட்டும் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முதலில் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர் கோட் என்று நுண்ணிய தூரிகையால் மெல்லிய படலங்களாக வையுங்கள். ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே அடுத்தது. கிட்டே நின்று பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும், துரு மட்டும் வராது.

கதவு முழுவதும் அடிப்பது தோற்றத்துக்கு மட்டுமே தேவை. தொழிற்சாலையில் கிளியர் கோட் ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் இறுக்கப்படுகிறது. பட்டறையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் பொருத்திய காரை அவ்வளவு சூடேற்ற முடியாது, நல்ல பட்டறைகள் 60 டிகிரி அடுப்பு அறையில் உலர்த்தும், சிறிய பட்டறைகள் வெளிக்காற்றில் விட்டுவிடும். கடற்காற்று வீசும் திறந்த கொட்டகையில் அடித்த பெயின்டுக்குள் மணலும் ஈரமும் அடைபடும். அடிப்பதென்று முடிவு செய்தால் அடுப்பு அறை உள்ள இடம் பாருங்கள். காப்பீட்டில் கோருவதற்கு முன், அதனால் இழக்கும் நோ கிளெய்ம் போனஸ் (கோரிக்கை இல்லாத ஆண்டுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கதவுக்குப் பல நேரங்களில் கைக்காசே இலாபம்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. அதில் காரைக் கழுவினால் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன. கழுவாமல் விட்டுவிடலாமா?
– வாசகி, சாயல்குடி

பதில்: மணலை இறக்க உப்பு நீரும் உதவும், அதை உலரவிடுவதுதான் தவறு. வெயிலில் உலர்ந்தால் சுண்ணமும் உப்பும் திட்டாகப் படிந்து, நாளடைவில் கிளியர் கோட்டை அரிக்கும். திட்டைச் சுரண்டித் தேய்க்கப் போய்க் கீறல் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கிணற்று நீரால் முழுவதும் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ காவிரிக் குடிநீரோ ஊற்றுங்கள். பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே விழுந்த திட்டுகளுக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, உடனே நல்ல நீரால் அலசிவிடுங்கள். அது பெயின்ட் சூடாக இருக்கும்போது கூடாது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.