கம்பஸ் காசு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வெளிவந்த பிறகு எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் படிப்புச் செலவைப் பற்றியவை. பலருக்கும் பொதுவாக உதவக்கூடிய ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துவிட்டோம்.

மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடம் கிடைத்திருக்கிறது. கணவர் 2009 இல் காணாமற் போனவர். நான் கூலி வேலை. என்ன உதவி எடுக்கலாம், எவ்வளவு கிடைக்கும்?
*புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்*

அம்மா, அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. பம்பைமடுவில் மகள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும்தான் உங்களுக்குக் காசு தேவை. அதற்கு இரண்டு உதவிகள் இருக்கின்றன: மகாபொல புலமைப்பரிசில், பல்கலைக்கழக மாணவர் உதவுதொகை (பேர்சரி). இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், உதவுதொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. வருடத்துக்குப் 12 தவணை என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கல்வியாண்டுக்கு 10 தவணைதான். அந்தத் தொகைப்படி மகாபொல வருடத்துக்கு 75,000, உதவுதொகை 65,000.

இவற்றை எடுத்துத் தருவது வருமானப் பத்திரம். கிராம சேவையாளர் உறுதிப்படுத்த வேண்டும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். உங்கள் விடயத்தில் சிக்கல் தகப்பன் பற்றிய பகுதியில் வரும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், தவணையும் பிந்தும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காகவே 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற் போனமைக்கான சான்றிதழ் வழங்கப்படுகிறது. அதை எடுப்பதால் கணவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார் எல்லோரிடமும் நாங்கள் இதை அழுத்திச் சொல்வோம், ஏனென்றால் அந்தப் பயத்தாலேயே சிலர் பத்திரம் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். சான்றிதழ் வர நாளெடுக்கும் என்றால், நிலைமையை விளக்கும் கிராம சேவையாளர் கடிதமும் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசியும் எடுத்து, விண்ணப்பத்தோடு இணையுங்கள். சகோதரங்கள் பள்ளிக்கூடம் போனால் அதிபரிடம் கடிதம் வாங்கி அதையும் வையுங்கள். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

இன்னொன்று. முதல் தவணை உடனே வராது. பத்திரங்களைச் சரிபார்த்துப் பட்டியல் தயாராக மாதக்கணக்கில் செல்லும். பிறகு நிலுவை சேர்ந்து வரும். முதல் நான்கு மாதச் செலவுக்கு இப்போதே ஒரு வழி பார்த்து வையுங்கள்: விடுதிக் கட்டணம், மெத்தை, வாளி, பஸ் காசு, சாப்பாடு. குடும்பங்கள் கடன்காரரிடம் போய்ச் சிக்குவது அனேகமாக இந்த நான்கு மாதத்தில்தான்.

இரண்டு ஏக்கர் வயல் செய்கிறேன். விண்ணப்பத்தில் வருமானம் கூடுதலாகப் பதியப்பட்டதால் மகனுக்கு உதவுதொகை கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?
*முத்தையன்கட்டிலிருந்து ஒரு கமக்காரர்*

ஐயா, பெரும்பாலும் இது மொத்த வரவை வருமானமாக எழுதியதால் வருவது. ஒரு கணக்குப் பார்ப்போம். பெரும்போகத்தில் ஏக்கருக்கு 1,800 கிலோ விளைந்தது என்று வைப்போம். இரண்டு ஏக்கருக்கு 3,600 கிலோ. நாட்டு நெல்லுக்கு 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அப்படியானால் 432,000 ரூபா. இந்தத் தொகையை அப்படியே எழுதினால் நீங்கள் வசதியான ஆள். உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, வெட்டு மெசின், ஏற்றுக்கூலி எல்லாவற்றுக்கும் 230,000 போனது என்றால், மிச்சம் 202,000. குத்தகைக் காணி என்றால் குத்தகையையும் கழிக்க வேண்டும். குளத்தில் தண்ணீர் போதாமல் சிறுபோகம் செய்யாத வருடம் என்றால் அந்த வருடத்துக்கு இவ்வளவுதான்.

ஆகவே கிராம சேவையாளரிடம் வாயால் சொல்லாமல், ஒரு தாளில் வரவு, செலவு, மிச்சம் என்று எழுதிக் கொண்டுபோங்கள். பசளைப் பற்றுச்சீட்டு, நெல் விற்ற துண்டு, கமநல சேவை நிலையத்தில் காணி பதிந்த விபரம் மூன்றையும் சேருங்கள். அழிவு வந்த போகம் என்றால் கமநல சேவை நிலையத்தில் அதற்கும் ஒரு கடிதம் கேளுங்கள். ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம். மகன் தன் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் பிரிவில் நேரே கேட்டு முடிவுத் திகதியைக் குறித்துக்கொள்ளட்டும். பத்திரம் சரியாக இருந்தும் திகதி கடந்ததால் போனவர்கள் உண்டு.

வருமானத்தை மறைத்து எழுதச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு தெரியவந்தால் உதவி நிற்கும், எடுத்த காசையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும். உண்மையான மிச்சமே உங்களுக்குப் போதுமான ஆதாரம்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. பிரச்சினை வருமா?
*முழங்காவில் மாணவர்*

வரும், தம்பி. முக்கியமாக வங்கிக் கணக்கில் வரும். தவணை உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும். பட்டியலில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் காசு திரும்பிவிடும். முதல் எழுத்துகளின் ஒழுங்கு, ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டையும் அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, வங்கிப் புத்தகம் மூன்றிலும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சிறு வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசி போதும். பெரிய வித்தியாசம் என்றால் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் செல்லும் என்பதால் பெறுபேறு வரும்வரை பார்த்திருக்காமல் பரீட்சை முடிந்த கையோடு தொடங்குங்கள். போரில் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம்.

அம்மாவுடன் கூட்டுக் கணக்கும், சிறுவயதில் திறந்த சிறுவர் சேமிப்புக் கணக்கும் வேண்டாம். உங்கள் தனிப்பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்குத் திறந்து, புத்தகத்தின் முதற் பக்கத்தைப் பிரதி எடுத்து வையுங்கள்.

வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்து தவறிவிட்டேன். தனியார் கம்பஸில் வட்டியில்லாக் கடனில் படிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
*நெடுங்கேணி மாணவி*

உண்மைதான், தங்கச்சி. ஆனால் கடன் கடன்தான். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017 இல் தொடங்கியது. முதலில் உச்சவரம்பு 8 இலட்சமாக இருந்து பிறகு கூட்டப்பட்டது. வட்டியை அரசாங்கம் கட்டும், முதலை நீங்கள் கட்ட வேண்டும். படிக்கும் காலத்திலும் முடித்த பிறகு ஒரு வருடத்திலும் தவணை கேட்க மாட்டார்கள். உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடமும் சித்தி, உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி, ஆங்கிலத்தில் சித்தி என்பவை அடிப்படைத் தகைமைகள். வயது எல்லையும் எந்த வருடத்துப் பெறுபேறு ஏற்கப்படும் என்பதும் ஒவ்வொரு அறிவித்தலிலும் இருக்கும். உங்கள் வருடம் அதில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை, அதை முதலில் பாருங்கள்.

கடன் காசு உங்கள் கைக்கு வராது. நீங்கள் படிக்கும் நிறுவனத்துக்கே வங்கி பகுதி பகுதியாகக் கட்டும். கல்வி அமைச்சின் பட்டியலில் உள்ள நிறுவனமாக மட்டுமல்ல, அந்தப் பட்டியலில் உள்ள கற்கைநெறியாகவும் இருக்க வேண்டும். ஒரே கம்பஸில் ஒரு பட்டம் உள்ளே, இன்னொன்று வெளியே இருக்கும். சேர்க்கை மேசையில் «எல்லாத்துக்கும் லோன் இருக்கு» என்று சொல்வதை வைத்துப் பதிவுக் கட்டணம் கட்டாதீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

வன்னியில் இருப்பவர்களுக்குப் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இத்திட்டத்தில் வரும் பெரிய நிறுவனங்கள் மாலபேயிலும் ஹோமாகமவிலும் கொழும்பைச் சுற்றியும் இருக்கின்றன. நாலு வருட அறை வாடகையையும் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். கற்கைக் கட்டணம் கடனின் எல்லையைத் தாண்டினால் அந்த மிச்சமும் உங்கள் தலையில்தான். பிறகு திருப்பிக் கட்டும் தொகையைப் பாருங்கள். 12 இலட்சம் எடுத்து ஏழு வருடத்தில் கட்டுவதென்றால் 84 மாதத்துக்கு மாதம் ஏறத்தாழ 14,300 ரூபா. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அது பாரம். இடையில் விட்டுவிட்டு வந்தாலும் அதுவரை கட்டிய கட்டணம் கடனாக நிற்கும், பிணை வைத்தவரையும் தேடுவார்கள்.

அதனால் கையெழுத்து வைக்க முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தையும் போய்ப் பாருங்கள். மோட்டார் வாகனம், மின், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் முதலான துறைகளில் தேசிய தொழிற்தகைமை மட்டச் சான்றிதழ் தருகிறார்கள். அந்த மட்டங்களில் ஏறித் தொழில்நுட்பவியல் பட்டத்துக்கும் போகலாம். உங்கள் இரண்டாம் தெரிவாக இதை நினைக்காதீர்கள். கடனில்லாமல் முடிக்கும் ஒரு தகைமை எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விடயம்.

மகனுக்கு மடிக்கணினி வாங்க நுண்கடன் எடுக்கலாமா? மாதம் 2 வீதம்தானாம்.
*தருமபுரம் தாய்*

எடுக்காதீர்கள் அம்மா. அந்த 2 வீதம் எதன் மீது என்று கேட்டீர்களா? ஒரு இலட்சம் எடுத்தால் ஒரு வருட வட்டி 24,000 என்று முதலிலேயே கூட்டி, 124,000 ஐ 12 ஆகப் பிரித்து மாதம் 10,333 கட்டச் சொல்வார்கள். முதல் தவணைக்குப் பிறகு உங்களிடம் இருப்பது முழு இலட்சம் இல்லை, ஆறாம் மாதத்தில் கிட்டத்தட்டப் பாதி திரும்பிவிட்டது. ஆனாலும் கடைசிவரை முழு இலட்சத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். உண்மை வட்டி வருடத்துக்கு 24 இல்லை, 41 வீதத்துக்கும் மேலே. இதில் கிழமைத் தவணை, குழுப் பிணை, கடன் எடுக்கும் நாளிலேயே கழிக்கும் கட்டணம் என்று வந்தால் இன்னும் கூடும். கூலி இல்லாத ஒரு மழைக் கிழமையில் அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பீர்கள். வன்னியில் எத்தனை வீட்டுப் பெண்கள் இப்படியே நசுங்கினார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

முதல் வருடத்துக்குப் புதிய மடிக்கணினி அவசியமில்லை. பீடத்தின் கணினிக் கூடமும் நூலகமும் இருக்கின்றன. மகாபொல நிலுவை சேர்ந்து வந்ததும் பாவித்த ஒன்றை, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சோதித்து வாங்கட்டும். கட்டாயம் இப்போதே வேண்டுமென்றால், வீட்டிலுள்ள நகையை அரச வங்கியில் அடகு வையுங்கள். கையில் வந்ததை அப்பப்போ கட்டி, மிச்சமான தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிடுவார்களா என்று அங்கே கேட்டு வையுங்கள்.

கனடாவிலுள்ள பெரியப்பா படிப்புக்குக் காசு அனுப்புகிறார். அதை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?
*மாங்குளம்*

மாதா மாதம் வீட்டுச் செலவுக்கு வருவதென்றால் அது வருமானம், எழுதுங்கள். இடைக்கிடை புத்தகத்துக்கோ விடுதிக்கோ தருவது நன்கொடை. பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: மொத்தமாக அனுப்பாமல், முதல் நான்கு மாதத்துக்கும் பிறகு பரீட்சைக் காலங்களுக்கும் பிரித்து, வங்கி மூலமே அனுப்பட்டும். உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் ஆட்கள் மூலம் கைமாற்றி, வந்தால் பத்திரம் இருக்காது.

இரண்டாம் வருடத்தில் மகாபொல நின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை.
*மல்லாவி மாணவர், யாழ் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம், கிளிநொச்சி*

மூன்று இடத்தில் தேடுங்கள். முதலாவது விரிவுரை வரவு: தவணைக்குப் பீடத்திலிருந்து வரவு உறுதிப்படுத்தல் போக வேண்டும். சுகயீனத்தில் விட்ட நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தீர்களா? இரண்டாவது பரீட்சை: வருடம் தவறி அடுத்த வருடத்துக்குப் போகாதவருக்குத் தவணை நிறுத்தப்படும். மூன்றாவது வங்கி: கணக்கைப் பாவிக்காமல் விட்டு அது செயலிழந்திருக்கலாம். இது நடக்கும்போது யாரும் உங்களுக்கு அழைப்பெடுத்துச் சொல்ல மாட்டார்கள். புத்தகத்தை வங்கியில் பதிந்து, கடைசியாக எந்த மாதத் தவணை வந்தது என்று பாருங்கள். அதோடு பீட அலுவலகத்துக்குப் போய், அடுத்த மாதத்துப் பட்டியலில் உங்கள் பதிவிலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் இருந்தும் காசு வரவில்லை என்றால் பிழை வங்கிப் பக்கம். பட்டியலில் இல்லை என்றால் விரிவுரை வரவுப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.