திங்கட்கிழமை மட்டும் அடைக்கிற நெஞ்சு

கேள்வி: கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் என் கணவர் 16 வருடமாக, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவில் வேலை பார்க்கிறார். மாஸ்க் போடச் சொன்னால் ‘பஞ்சுதானே, ஆசிடா?’ என்கிறார். வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடுமாம். திங்கட்கிழமை மட்டும் டூட்டி முடிந்து வந்து நெஞ்சு அடைக்குது என்று படுத்துவிடுவார், புதன்கிழமைக்குள் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை குடிக்கிற குடிதான் காரணம் என்று சண்டை போடுவேன். இப்போது பிளஸ் டூ முடித்த மகனையும் அங்கேயே சேர்க்கப் பார்க்கிறார். இவரை எப்படி மாஸ்க் போட வைப்பது?
- பெயர் வேண்டாம்

பதில்: மாஸ்க் இருக்கட்டும். ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதைப் பேசுவோம். குடிதான் காரணம் என்றால் காலையில் எழும்போதே தெரிந்திருக்கும். இவருக்கு அடைப்பது மில்லுக்குப் போய் வந்த பிறகு.

பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் இப்படித்தான் தொடங்கும். லீவு முடிந்து உள்ளே போகிற முதல் நாள் மூச்சுக்குழாய் இறுகும், அப்புறம் குறையும். குறைவதால்தான் ஏமாந்துபோகிறார்கள். வருடங்கள் போகப் போக அது செவ்வாய், புதன் என்று நீண்டு வாரம் முழுக்க அடைக்கும். அதற்குப் பிறகு வேலையை விட்டாலும் நுரையீரல் பழையபடி ஆகாது.

மெஷினில் விரல் போனவரை அவர் பார்த்திருப்பார், அதனால் மெஷினுக்குப் பயப்படுவார். தூசியில் ரத்தம் வராதே! வெல்லம் போவது வயிற்றுக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. நல்ல மாஸ்க்கைவிட வெல்லம் மலிவு என்பதால் எந்த மேஸ்திரியும் இதைத் திருத்த மாட்டார்.

இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கார்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ‘சளி’ என்று சொல்லி டானிக் வாங்கி வராதீர்கள். கார்டிங், 16 வருடம், திங்கட்கிழமை, இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லி, டூட்டிக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) எடுக்கக் கேளுங்கள். இஎஸ்ஐக்கான சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. உறுதியானால் வேலையில் பட்ட காயம் போலவே கணக்கு. தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். பீடி பிடித்தால் உங்கள் கணவர் இன்றே நிறுத்தட்டும்.

உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். குடிக்கு இத்தனை சண்டை போட்டவர், மகன் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குடும்பத்துக்காக உடம்பைத் தேய்க்கிற அப்பாவை நான் மதிக்கிறேன். அதே தூசியை மகனுக்குச் சொத்தாகக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. அதைத் தடுக்க வேண்டியது தாய். ஐடிஐயோ டிப்ளமாவோ, விண்ணப்பத்தை இந்த வாரமே வாங்குங்கள். மகனுடைய ஆதார் நகலைக்கூட மில்லுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.